மலையரண் தரும் காலம்

பத்தாம் வகுப்பு மாணவி, சாத்தூர்

ஒரு நாட்டுக்கு இன்றியமையாதவற்றுள் அரணும் ஒன்று என்று கொண்டு, அதற்கெனத் தனியே ஓர் அதிகாரம் வகுத்தார் திருவள்ளுவர். தெளிந்த நீரும், வெட்டவெளி நிலமும், மலையும், நிழல் செறிந்த காடும் அமைந்ததே அரண் என்பது அவர் கருத்து. இந்நான்கினுள் எங்கள் சாத்தூருக்கு வாய்த்தது எது என்று எண்ணிப் பார்த்தால் வெட்டவெளி நிலம் ஒன்றே மிஞ்சுகிறது. வைப்பாற்றில் ஆண்டின் பெரும்பகுதி மணலைத்தான் காண்கிறோம். காடு என்றால் எங்களுக்குச் சீமைக் கருவேலங்காடுதான். மலையோ, மழை பெய்து வானம் வெளுத்த காலை வேளையில் மேற்கே நீலக் கோடாகத் தோன்றி, வெயில் ஏறியதும் மறைந்துவிடுகிறது.

மலையே இல்லாத ஊரில் பிறந்தவர்கள் மலைக்கோட்டையைப் பற்றி எழுதலாமா என்று சிலர் கேட்கலாம். நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்பார்கள். அதுபோல மலையின் அருமையும் கரிசல் சமவெளியில் வாழ்வோருக்கே நன்கு புலப்படும் என்பது எங்கள் எண்ணம்.

இதற்குச் சான்று தேடி நாங்கள் தொலைதூரம் போகவேண்டியதில்லை. சாத்தூர் வழியாகத் திருநெல்வேலிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் தெற்கே சென்றால் வருவது கயத்தாறு. 1799 அக்டோபர் 16ஆம் நாள் வீரபாண்டிய கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட ஊர் அது. அவருடைய கோட்டை இருந்த பாஞ்சாலங்குறிச்சியும் எங்களுடையதைப் போன்ற சமவெளி ஊரே. அங்கே மலை இல்லை. ஆழமான அகழியோ கருங்கல் மதிலோ இல்லை. ஏறக்குறைய 500 அடி நீளமும் 300 அடி அகலமும் கொண்ட மண்கோட்டைதான் இருந்தது. அதன் சுவர் சுமார் 12 அடி உயரமே என்று அப்போரில் ஈடுபட்ட ஆங்கிலேயப் படை அதிகாரி வெல்ஷ் எழுதி வைத்திருக்கிறார்.

அந்த மண்சுவரே கும்பினிப் படையை இருமுறை தடுத்து நிறுத்தியது. 1799 செப்டம்பர் 5ஆம் நாள் பானர்மன் நடத்திய தாக்குதல் தோல்வியுற்றது. கட்டபொம்மன் மறைந்தபின், பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து 1801 பிப்ரவரியில் தப்பிய அவர் தம்பி ஊமைத்துரை, இடிக்கப்பட்டுக் கிடந்த கோட்டையைச் சில நாள்களுக்குள் மீண்டும் எழுப்பினார். அவ்வாண்டு மார்ச் 31இல் கும்பினிப் படை மறுபடியும் மோதிப் பெரும் இழப்புடன் பின்வாங்கியது. பின்னர்க் கூடுதல் படையும் பெரிய பீரங்கிகளும் வந்து சேர்ந்தன. மே 24ஆம் நாள் கோட்டை வீழ்ந்தது. இன்று அங்கே நாம் காண்பது 1974இல் தமிழக அரசு எழுப்பிய நினைவுக் கோட்டையாகும்.

வகுப்பில் இப்பாடம் நடந்த அன்று எங்களுள் ஒருத்தி எழுந்து, "சிஸ்டர், கட்டபொம்மனுக்கு மட்டும் ஒரு மலை இருந்திருந்தால் வெள்ளைக்காரன் உள்ளே வந்திருப்பானா?" என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. சிஸ்டர் சிரிக்கவில்லை. "நல்ல கேள்வி. மலை இருந்தவர்கள் எல்லாரும் வென்றார்களா என்று நீங்களே பார்த்து வந்து சொல்லுங்கள்" என்றார்கள். அதன் பயனாகவே, இவ்வாண்டுக் கல்விச் சுற்றுலா திண்டுக்கல் மலைக்கோட்டைக்கு என்று முடிவாயிற்று.

திண்டுக்கல் என்ற பெயருக்குத் திண்டு போன்ற கல் என்று பொருள் சொல்கிறார்கள். மதுரை வழியாகச் சென்று ஊரை நெருங்கும்போது அப்பெயர் எவ்வளவு பொருத்தம் என்பது விளங்கிற்று. ஊருக்கு நடுவே, யாரோ சாய்ந்துகொள்வதற்குப் போட்டதுபோல், ஒரே பாறை பரந்து கிடக்கிறது. மதுரை நாயக்க மன்னர் முத்துக்கிருஷ்ணப்ப நாயக்கர் 1605இல் இங்குக் கோட்டை கட்டத் தொடங்கினார். திருமலை நாயக்கர் அதனை மேலும் வலுப்படுத்தினார். 1755இல் மைசூர் அரசின் பவுஜ்தாராக இங்கு வந்த ஐதர் அலி, பிரெஞ்சுக்காரர் துணையுடன் படைக்கலச் சாலை அமைத்துத் தம் படையைப் பெருக்கினார். பிற்காலத்தில் கும்பினியை நடுங்க வைத்த ஐதரின் வளர்ச்சிக்கு இந்தப் பாறை ஒரு படிக்கட்டாக இருந்தது என்றால் மிகையாகாது.

பாறையில் வெட்டிய படிகளில் ஏறத் தொடங்கிய சிறிது நேரத்திலேயே எங்கள் பேச்சு நின்றது, மூச்சு வாங்கிற்று. கையில் தண்ணீர்ப் புட்டியும் மதியச் சாப்பாடும் மட்டும் சுமந்து சென்ற எங்களுக்கே இந்தப் பாடு. துப்பாக்கியும் ஏணியும் சுமந்துகொண்டு, மேலிருந்து குண்டும் கல்லும் விழ, ஒரு போர்வீரன் எப்படி ஏறியிருப்பான்! மலைக்கோட்டையின் முதல் வலிமை இந்த ஏற்றமே என்பதைப் புத்தகம் சொல்லுமுன் எங்கள் கால்கள் சொல்லிவிட்டன. சமவெளியில் வேகமாகப் பாயும் குதிரைப்படை இங்கே பயனற்றது. கதவை முட்டி உடைக்கும் யானை படி ஏறாது. பெரும்படையே வந்தாலும் குறுகிய வழியில் சிலர் சிலராகத்தான் மேலே வரமுடியும். ஆகையால் கீழே ஆயிரம் பேர் செய்யவேண்டிய காவலை மேலே நூறு பேர் செய்துவிடலாம்.

இரண்டாவது வலிமை கண்பார்வை. உச்சியில் நின்றபோது நாற்புறமும் சாலைகளும் வயல்களும் தொலைவிலுள்ள மலைகளும் வரைபடம்போல் விரிந்தன. பகைவரின் படை வந்தால் அது கிளப்பும் புழுதியைக்கொண்டே எத்திசையிலிருந்து வருகிறது என்று முன்கூட்டி அறியலாம். பாஞ்சாலங்குறிச்சியில் 12 அடிச் சுவரின்மேல் நின்றவர்களுக்கு இந்த வசதி ஏது?

மூன்றாவது வலிமை நீர். இவ்வளவு பெரிய பாறையின்மேல் ஆற்றுநீர் ஏறாது. அதனால் பாறையிலுள்ள பள்ளங்களைச் சுனைகளாக்கி மழைநீரைத் தேக்கினார்கள். ஒரு குடம் தண்ணீருக்காகக் குழாயடியில் காத்து நிற்கும் ஊரிலிருந்து வந்த எங்களுக்கு அந்தச் சுனைகளே கோட்டையின் உயிர்நாடி என்று பட்டது. மதில் இடிந்தால் இரவோடிரவாக அடைத்துவிடலாம். சுனை வற்றினால் யாரால் என்ன செய்ய முடியும்?

அடுத்து வெடிமருந்துக் கிடங்கைப் பார்த்தோம். மற்ற ஊர்ப் பிள்ளைகள் அங்கே இரண்டு நிமிடம் நின்றுவிட்டு நகர்ந்துவிடுவார்கள். நாங்களோ வெகுநேரம் நின்றோம். வெடியுப்பு, கந்தகம், கரி ஆகிய மூன்றையும் சேர்த்துச் செய்யும் மருந்து எங்கள் பகுதிக்குப் புதியதன்று. சாத்தூரிலும் சிவகாசியிலும் எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரிவது பட்டாசையும் தீப்பெட்டியையும் நம்பித்தான். சூடு தாக்காதபடி இரட்டைச் சுவராகக் கட்டிய அக்கிடங்கில் ஒரு மூலையில் மட்டும் சுவரை மெல்லியதாக அமைத்திருக்கிறார்கள். ஆபத்து நேர்ந்தால் உள்ளே இருப்பவர்கள் உடைத்துக்கொண்டு வெளியேறுவதற்காக அப்படிக் கட்டினார்கள் என்று விளக்கினார்கள். அதைக் கேட்ட தோழி ஒருத்தி அந்தச் சுவரைக் கையால் தடவிப் பார்த்து, "எங்கம்மா வேலை பாக்குற ரூம்லயும் ஓடுறதுக்கு வாசல் வெச்சிருக்காங்க. நாலு பேருக்கு மேல உள்ளே விடமாட்டாங்க" என்றாள். பிறகு எங்களுள் யாரும் சற்று நேரம் பேசவில்லை. போருக்காகக் கட்டிய இடத்திலும் மனித உயிரை எண்ணி ஒரு மூலையை மெல்லியதாக விட்ட அந்தக் கொத்தனாரை மனத்துக்குள் வாழ்த்தினோம்.

இவ்வளவு வசதிகள் இருந்தும் இக்கோட்டை கைமாறாமல் இருந்ததா என்றால் இல்லை. 1783இல் ஆங்கிலேயர் கைப்பற்றினர். 1784இல் மங்களூர் உடன்படிக்கைப்படி திருப்பிக் கொடுத்தனர். 1790 ஆகஸ்டில் கர்னல் ஸ்டூவர்ட் மறுபடியும் முற்றுகையிட்டார். அவர் நடத்திய நேரடித் தாக்குதலை மேலிருந்தவர்கள் முறியடித்துவிட்டார்கள். ஆனால் அன்றிரவே காவல் வீரர்களுள் பெரும்பாலோர் கோட்டையைவிட்டு நழுவிவிடவே, மறுநாள் கோட்டை சரணடைந்தது. பாறையும் மதிலும் அப்படியே நின்றன; மனிதர்கள்தாம் நிற்கவில்லை. எத்தகைய மாட்சி இருந்தாலும் செயல்திறம் உடையவர்கள் இல்லாவிட்டால் அரணால் பயனில்லை என்று வள்ளுவர் கூறியதன் பொருள் எங்களுக்கு அங்கேதான் விளங்கியது.

அப்படியானால் மலைக்கோட்டையின் உண்மையான பயன் யாது? இதற்கு விடை தந்தவர் ஒரு பெண்மணி. 1772 ஜூன் மாதம் காளையார்கோவிலில் நடந்த போரில் சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதர் கொல்லப்பட்டார். அரசி வேலு நாச்சியார் கணவரையும் நாட்டையும் ஒரே நாளில் இழந்தார். மகள் வெள்ளச்சியையும் நம்பிக்கைக்குரிய சிலரையும் அழைத்துக்கொண்டு திண்டுக்கல் பக்கம் வந்தார். மலையடிவாரத்திலுள்ள விருப்பாட்சியின் பாளையக்காரர் கோபால நாயக்கர் அடைக்கலம் தந்தார். திண்டுக்கல் கோட்டை ஐதர் அலியின் கையில் இருந்ததால் கும்பினியோ ஆற்காட்டு நவாபோ அவரை எளிதில் நெருங்க முடியவில்லை.

எட்டு ஆண்டுகள்! அந்த எட்டு ஆண்டுகளை வேலு நாச்சியார் அழுது கழிக்கவில்லை. பிரதானி தாண்டவராய பிள்ளை ஐதர் அலியிடம் படையுதவி கேட்டுக் கடிதம் எழுதினார். மருது சகோதரர்கள் ஆள் திரட்டினர். பெண்கள் படையும் பயிற்சி பெற்றது என்று மக்கள் இன்றும் பெருமையுடன் கூறுகின்றனர். 1780இல் ஐதரின் துணையுடன் திரும்பி வந்து சிவகங்கையை மீட்டு அரியணை ஏறினார். அந்த மலையும் கோட்டையும் அவருக்காக ஒரு பகைவனைக்கூடக் கொல்லவில்லை. அவை அவருக்குத் தந்தது காலம். தோற்றவர் மூச்சுவிடவும், எண்ணவும், துணை தேடவும், மீண்டும் எழவும் வேண்டிய காலம். மலையரணின் முதற்பெரும் கொடை இதுவே என்று நாங்கள் துணிந்து கூறுகிறோம்.

விவிலியத்திலும் இதனைக் காண்கிறோம். சவுல் அரசரின் சினத்துக்குத் தப்பி ஓடிய தாவீது பாலைநிலத்து மலை அரண்களில் தங்கினார். இளைஞராக ஓடி ஒளிந்தவர் பின்னர் இஸ்ரயேலின் அரசரானார். திருப்பாடல்களில் ஆண்டவரைக் கற்பாறை என்றும் கோட்டை என்றும் அழைப்பதன் சுவை, பாறை நிழலில் உயிர் பிழைத்த ஒருவரை நினைத்துப் படிக்கும்போதுதான் முழுமையாகத் தெரிகிறது.

திண்டுக்கல்லிலிருந்து திரும்பியபின் நூலகத்தில் செஞ்சிக் கோட்டையைப் பற்றித் தேடிப் படித்தோம். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளையும் மதிலால் இணைத்து, நடுவே ஓர் ஊரையே அடக்கிய கோட்டை அது. உயரமான ராஜகிரியின் உச்சிக்கு அருகே பாறையில் ஓர் ஆழமான பிளவு உண்டு. அதன்மேலுள்ள பாலத்தை எடுத்துவிட்டால் மேலே செல்ல வழியில்லை. நெற்களஞ்சியங்களும் குளங்களும் சுனைகளும் உள்ளேயே இருந்தன. 1597இல் அங்குச் சென்ற இயேசு சபைக் குரு பிமெந்தா, போர்ச்சுகல் நாட்டில் லிஸ்பனைத் தவிர அவ்வளவு பெரிய நகர் இல்லை என்று வியந்தார். 1677இல் சத்ரபதி சிவாஜி அதனைக் கைப்பற்றிப் புதிய மதில்களும் அகழிகளும் அமைத்தார். அந்த வேலைத்திறனை ஐரோப்பியரும் குறைகூற முடியாது என்று அக்காலத்து இயேசு சபைக் கடிதமொன்று தெரிவிக்கிறது.

சிவாஜி செய்த இந்த முன்னேற்பாடு அவர் மறைந்தபின் பயன்பட்டது. 1689இல் அவர் மூத்த மகன் சம்பாஜி முகலாயர் கையில் மாண்டார். இளையவர் ராஜாராம் மராட்டியத்திலிருந்து மாறுவேடத்தில் தப்பி, நெடுந்தொலைவு கடந்து செஞ்சிக்கு வந்து சேர்ந்தார். ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகர் கான் 1690இல் முற்றுகையிட்டார். முற்றுகை 1698வரை நீடித்தது. மூன்று குன்றுகளையும் முழுமையாகச் சூழ்ந்துகொள்ள முகலாயப் படையால் இயலவில்லை. வெளியே மராட்டியக் குதிரைவீரர்கள் தானிய வண்டிகளை மறித்ததால், சில வேளைகளில் முற்றுகை இட்டவர்களே பட்டினி கிடந்தார்கள். இறுதியில் கோட்டை வீழ்ந்தபோது ராஜாராம் உள்ளே இல்லை. முன்பே தப்பிச் சென்றுவிட்டார். கோட்டை போயிற்று, ஆனால் மராட்டிய அரசு பிழைத்தது. இங்கும் மலை தந்தது காலமே. எனினும் மலை மட்டும் போதவில்லை. மலைக்கு வெளியே ஓயாமல் உழைத்தவர்களும் இருந்ததால்தான் அக்காலம் பயன் தந்தது.

இதே செஞ்சியின் மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். 1750 செப்டம்பர் 11ஆம் நாள் பிரெஞ்சுத் தளபதி புசி சிறுபடையுடன் அங்கு வந்தார். கோட்டைக்கு வெளியே தோற்று ஓடிய படையைத் துரத்திக்கொண்டே வாயிலை வெடிவைத்துத் தகர்த்து நுழைந்தார். இரவில் மூன்று குன்றுகளின்மேலும் ஒரே நேரத்தில் வீரர்களை ஏறச் செய்தார். பொழுது விடிவதற்குள் கோட்டை அவர் வசமாயிற்று. எட்டு ஆண்டுகள் முகலாயப் பேரரசை எதிர்த்து நின்ற மலை ஓர் இரவில் வீழ்ந்தது! அதே பாறை, அதே மதில், அதே சுனை. மாறியது உள்ளே இருந்தவர்களின் மனம் ஒன்றுதான். பிரெஞ்சுக்காரரும் நிலைக்கவில்லை. 1761 ஜனவரியில் புதுச்சேரி வீழ்ந்தபின் உதவிக்கு வருவோர் இல்லாமல், அவ்வாண்டு ஏப்ரலில் செஞ்சியை ஆங்கிலேயரிடம் ஒப்படைத்தனர். 2025 ஜூலையில் யுனெஸ்கோ நிறுவனம் மராட்டியரின் 12 கோட்டைகளை உலக மரபுச் சின்னங்களாக அறிவித்தபோது, மகாராஷ்டிரத்துக்கு வெளியே அதில் இடம்பெற்றது செஞ்சி மட்டுமே என்பது தமிழகத்துக்குப் பெருமை.

பீரங்கியும் விமானமும் வந்தபின் மலைக்கு மதிப்புப் போய்விட்டது என்று எண்ணவேண்டாம். 1999இல் கார்கிலில் ஊடுருவியவர்கள் 16,000 அடிக்கும் மேற்பட்ட சிகரங்களில் அமர்ந்துகொண்டு, கீழே ஸ்ரீநகரிலிருந்து லே செல்லும் சாலையைக் குறிவைத்தார்கள். அங்கே மதில் இல்லை, அகழி இல்லை, உயரமே கோட்டையாயிற்று. அச்சிகரங்களை மீட்க நம் வீரர்கள் இரவில் செங்குத்தான பாறைகளில் ஏறவேண்டியிருந்தது. 500க்கும் மேற்பட்டோர் உயிரைக் கொடுத்தனர். தமிழகத்தைச் சேர்ந்த மேஜர் சரவணன் பட்டாலிக் பகுதியில் வீரமரணம் எய்தினார். திண்டுக்கல் படிகளில் வெறுங்கையுடன் ஏறி மூச்சு வாங்கிய பிறகு, இச்செய்தியை எங்களால் முன்போல் வெறும் பாடமாகப் படிக்க முடியவில்லை.

இனி, வகுப்பில் எழுந்த வினாவுக்கு வருவோம். கட்டபொம்மனுக்கு மலை இருந்திருந்தால் வென்றிருப்பாரா? மலை அவருக்கு இன்னும் சில மாதங்களைத் தந்திருக்கும் என்று சொல்லலாம். ஆனால் அண்டைப் பாளையங்களுள் சில கும்பினியோடு சேர்ந்திருந்தன. வெளியே துணை இல்லாத அரண், மலைமேல் இருந்தாலும் தனித்துப்போகும். மலையில்லாத மண்கோட்டையில் ஊமைத்துரை ஏறக்குறைய இரண்டு மாதம் நின்றார். மலையிருந்தும் திண்டுக்கல் காவலர் ஓரிரவு நிற்கவில்லை. அரண் காலத்தைத்தான் தரும். அக்காலத்தைப் பயன்படுத்துவது மனிதர்களின் கடமை.

அன்புத் தோழியரே! எங்கள் பாட்டிமார்களுள் பலர் பத்து வயதில் தீப்பெட்டி ஒட்டச் சென்றவர்கள். விரலில் பசை காயுமுன் அடுத்த கட்டு வந்துவிடும் என்பார்கள். நின்று எண்ணிப் பார்க்க அவர்களுக்குக் காலம் கிடைக்கவில்லை. எங்கள் அன்னையர் மருந்து வாடையோடு வீடு திரும்பினாலும் எங்களைப் பள்ளிக்கு அனுப்பி, அந்தக் காலத்தை எங்களுக்கு வாங்கித் தந்திருக்கிறார்கள். அருட்சகோதரியரும் ஆசிரியைகளும் அதைக் காத்து நிற்கிறார்கள். சாத்தூரில் மலை இல்லை என்று தொடக்கத்தில் எழுதினோம். ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை எங்களுக்குக் கிடைத்த ஐந்து ஆண்டுகள் விருப்பாட்சியில் வேலு நாச்சியார் கழித்த ஆண்டுகளுக்கு எவ்வகையில் குறைந்தவை? அவர் எட்டு ஆண்டு கழித்து வெளியே வந்தபோது ஒரு நாட்டை மீட்கும் ஆற்றலோடு வந்தார். இந்த ஆண்டுத் தேர்வு முடிந்து நாமும் வாயிலைக் கடந்து செல்வோம். சிலர் மேல்நிலை வகுப்புக்குச் செல்வர். சிலர் செல்ல இயலாமலும் போகலாம். அப்படிப் போக இருக்கும் தோழிக்காக வெளியே நின்று போராடுவதும், அவள் வீட்டுக்குச் சென்று பெரியவர்களிடம் எடுத்துச் சொல்வதும் நம் கடமை. வெளியே துணை இருக்கும்வரை எந்தக் கோட்டையும் எளிதில் வீழ்வதில்லை.